நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் கொழும்பின் மனிதர்கள்: மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு மாநகர சபையின் மேயர் அவர்களுக்கும் எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக இந்த நாட்டில் முதன்முதலாகச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரையும், அவரோடு சரிசமமாக நின்று போராடிய அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளையும் கொழும்பு மாநகரம் தன்னுடைய மனிதர்களாக ஏற்று மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வீதிக்கோ சதுக்கத்துக்கோ இருவருடைய பெயரும், உங்கள் பொறுப்பில் இருக்கும் பொது நூலகத்தில் அவர்களுடைய எழுத்துக்கு ஓர் இடமும் கேட்கிறேன். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் கொழும்பு என்பதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே பலரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "அவர் தோட்டத் தொழிலாளருக்குப் பாடுபட்டவர், ஹட்டனில் செய்யட்டும்." தோட்டப் பகுதி நகரமான ஹட்டனிலும் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர் பத்திரிகை நடத்தியது கொழும்பில். நகரத் தொழிலாளரோடு சேர்ந்து சங்க வேலை பழகியது கொழும்பில். சட்டநிரூபண சபையிலும், பின்னர் அரசாங்க சபையிலும் எழுந்து நின்று தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியது கொழும்பில். தேயிலை மலையில் விளைந்தாலும் அதற்கு விலை பேசியது இங்கேதான். தேயிலை ஏலம் 1883 இல் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. ஏஜென்சிக் கொம்பனிகளின் காரியாலயங்கள் கோட்டையில் இருந்தன, கப்பல் இங்கிருந்துதான் புறப்பட்டது. தோட்டத்தை நிர்வகித்த துரை போட்ட உத்தரவின் வேர் கொழும்பில் இருந்தது. நடேசய்யர் அதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அதனால்தான் இங்கே காலூன்றினார்.

அவர் வந்த காலத்தில் தோட்டம் எப்படி இருந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சில விஷயங்களைச் சொல்லாமல் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்காது. ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணிக்குத் தொழிலாளி கடன்காரன். வழிச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு கங்காணியின் கையில் இருக்கும். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். அதாவது ஒரு குடும்பம் முழுவதும் ஒரு துண்டுக் காகிதத்தின் விலைக்குக் கை மாறியது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கங்காணியின் பிடி அப்படியே இருந்தது. எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. வேலை, கடன், கலியாணம், சாவு, எல்லாவற்றுக்கும் தொழிலாளி அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வெளியாள் உள்ளே போகவும் முடியாது. தோட்டத்து எல்லைக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போவதற்கே துரையின் தயவு வேண்டியிருந்த காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையோடு உள்ளே போய் லயங்களைப் பார்த்தார் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. அங்கே கண்டதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. படித்தவர், வணிகப் பத்திரிகை நடத்திப் பழகியவர், வியாபாரிகள் மத்தியில் மதிப்போடு இருந்திருக்கக்கூடியவர். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, தன்னை வாசலில் நிற்கவும் விடாத தோட்டங்களின் பக்கம் திரும்பினார்.

அவர் முதலில் கையில் எடுத்தது பேனாவை. 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்'. கொழும்பில் அச்சாகி மலைக்குப் போன இந்தத் தாள்கள்தான் அவருக்கு முதல் சங்கம் என்று நான் நினைக்கிறேன். அன்று தோட்டத்தில் நடக்கும் அநியாயம் தோட்டத்துக்குள்ளேயே புதைந்துவிடும். துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, நீதவான் என்று யாரிடம் போனாலும் அது ஒரே வட்டத்துக்குள் சுற்றும். அந்த வட்டத்தை உடைத்து விஷயத்தை வெளியே கொண்டு வர வேண்டுமானால் யாராவது ஒருவர் அதை அச்சில் ஏற்ற வேண்டும். அவர் ஏற்றினார். தமிழில் மட்டும் எழுதினால் ஆட்சியாளர் காதில் விழாது என்று ஆங்கிலத்திலும் எழுதினார். சிறு நூல்களாகவும் துண்டுப் பிரசுரங்களாகவும் நாடகமாகவும்கூட எழுதினார். தொழிலாளி தன் உரிமை என்ன, தன் சம்பளம் என்ன, சட்டம் தனக்கு என்ன தருகிறது என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

என் பாட்டி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். அந்த நாளுக்குரிய றாத்தல் இல்லையென்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். முழுப்பேர் விழுந்ததா என்று உறுதிப்படுத்தாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கொழுந்துக் கறை ஏறிய விரலை மடக்கி மடக்கி மாதக் கணக்கை மனதிலேயே வைத்திருந்து, சம்பள நாளில் ஒரு நாள் குறைந்தாலும் கேட்டுவிடுவார். கேட்கலாம் என்ற தைரியம் தோட்டத்தில் தானாக முளைத்ததில்லை. யாரோ வந்து, "இது உன் காசு, நீ கேட்கலாம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல் லயத்துக்கு லயம் பரவி ஒரு பழக்கமாகியிருக்கிறது. நடேசய்யர் தம்பதியின் வேலை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அரசாங்கமும் அந்தக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1920களின் இறுதியில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அப்புறம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, தேயிலை விலை விழுந்தது, அந்தச் சதங்களிலும் கை வைத்தார்கள். கூலி குறைந்தது, ஆட்களை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட ஒரு நேரத்தில், 1931 இல், நடேசய்யர் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். இலங்கையில் தொழிற்சங்கங்களுக்கான சட்டம் வந்ததே 1935 இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சங்கம் என்ற ஒன்றைப் பதிவு செய்யச் சட்டம் இல்லாதபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போட இடம் இல்லாதபோது, சேர்ந்தவனுக்கு வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டு கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றலாம் என்ற நிலையில் அந்தச் சங்கம் எழுந்தது.

உங்கள் சபையோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

ஏ. ஈ. குணசிங்கவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்தி, கொழும்புத் தொழிலாளிக்கு முதுகெலும்பு கொடுத்தவர். பின்னாளில் இந்த மாநகரத்தின் மேயராகவும் இருந்தவர். அந்தச் சங்கத்தில் அவருக்கு அடுத்த இடத்தில், உப தலைவராக இருந்தவர் நடேசய்யர். 1920களில் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் மலையாளத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள் என்றால் அதற்கு இந்த இருவரும் ஒரே மேடையில் நின்றது ஒரு காரணம். அந்தப் பத்தாண்டின் முடிவில் இந்திய வம்சாவளித் தொழிலாளர் மீது எதிர்ப்பு கிளம்பியபோது இருவரும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இந்த நாட்டுத் தொழிலாளர் இயக்கத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அப்புறம் வந்த வரலாறு முழுவதும் காட்டுகிறது.

குணசிங்கவின் பெயரில் இந்த நகரத்தில் குணசிங்கபுர இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அவர் அதற்கு முற்றிலும் உரியவர். ஆனால் அவர் பக்கத்தில் நின்றவரின் பெயரை நான் கொட்டாஞ்சேனையிலும் கண்டதில்லை, புறக்கோட்டையிலும் கண்டதில்லை, மருதானையிலும் கண்டதில்லை. கொழும்பு 7 இல் பார்ன்ஸ் பிளேஸ் இருக்கிறது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் பெயர் அது. கண்ணொருவையில் தானே கோப்பித் தோட்டம் போட்டு, கோப்பிப் பயிருக்கு வரிச் சலுகையும் பாதைகளும் கொடுத்த ஆளுநர். தோட்டத்தைத் தொடங்கியவரின் பெயரை இவ்வளவு காலமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்காகப் பேசியவரின் பெயருக்கும் அதே நகரத்தில் இடம் இருக்க வேண்டும். பழைய பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இதையும் எழுதுங்கள் என்கிறேன்.

இனி மீனாட்சி அம்மாள். இந்த மடலில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

நடேசய்யருக்கு எடுக்கும் விழாக்களில் மீனாட்சி அம்மாளைப் பற்றி ஒரு வாக்கியம் வரும்: "கணவருக்கு உறுதுணையாக இருந்தார்." இந்த ஒரு வாக்கியத்தில் அவரை முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் பாட்டு எழுதினார், மேடையில் பாடினார். தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் வாசிக்கத் தெரியாதவர்கள். பத்திரிகை எட்டாத காதுக்குப் பாட்டு எட்டும். சினிமாவிலும் நாடகத்திலும் கேட்டுப் பழகிய மெட்டில் சம்பளத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் பாடினால், அடுத்த நாள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண் அதை முணுமுணுப்பாள். ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் போகும். அத்துமீறல் சட்டத்தால் ஒரு பாட்டைத் தோட்டத்து எல்லையில் நிறுத்த முடியாது.

அவர் அந்தப் பாடல்களை 1940 இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். அது எந்த நேரம் என்று பாருங்கள். 1939 இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்த முடிவு செய்தது. இந்தியாவிலிருந்து நேரு இங்கு வந்து பேசிப் பார்த்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தக் கொந்தளிப்பின் நடுவே ஒரு பெண் தன் பெயரைப் போட்டு, இந்தியத் தொழிலாளியின் நிலைமையைப் பாட்டாக்கி, அச்சடித்து வெளியிடுகிறார். இலங்கைத் தமிழ்ப் பெண்களின் அரசியல் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்றுதான் போக வேண்டும்.

அதனால் என் வேண்டுகோளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெயர்ப் பலகையில் இருவருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். நடேசய்யரின் பெயரைப் பெரிதாக எழுதி மீனாட்சி அம்மாளின் பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளும் பலகை வேண்டாம். 43 சதத்துக்கு 54 சதக்காரரோடு ஒரே மலையில் ஏறி இறங்கிய பெண்களின் பக்கம் பாடியவர் அவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான சம்பளம் தோட்டத்தில் வந்தது 1984 இல்தான்.

நடேசய்யர் 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். காலிமுகத் திடலின் ஓரத்தில் இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் அதே கட்டடத்தில்தான் அந்தச் சபை கூடியது. 1947 வரை அங்கே உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது, அதே ஆண்டு குடியுரிமைச் சட்டமும் வந்தது. யாருக்காக அவர் வாழ்நாள் முழுக்கப் பேசினாரோ அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள், வாக்கும் போயிற்று. 1964 இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் வேறு மடலாகிவிடும். 2003 இல்தான் நாடற்ற நிலைக்குச் சட்டப்படி ஒரு முடிவு வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் அவருடைய பெயர் மறையாமல் இருப்பதற்குச் சாரல் நாடன், அந்தனி ஜீவா போன்ற மலையக எழுத்தாளர்கள் காரணம். பழைய பத்திரிகைகளையும் குறிப்புகளையும் தேடி எடுத்து எழுதி வைத்தார்கள். தனி மனிதர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்த வேலை அது. பொது நிறுவனம் ஒன்று அதைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

இது வெறும் பழைய கணக்கும் இல்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை பஸ்களின் படியில் தொங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் யார்? புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை துணி விரித்து மடிக்கிறவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் கொத்துரொட்டி போடுகிறவர்கள், வீடுகளில் பிள்ளை பார்க்கிறவர்கள், கட்டடங்களில் சீமெந்து சுமக்கிறவர்கள். எங்கள் தெரு முனைக் கடையில் வேலை செய்யும் ஒரு பையன் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்தவன். சாரியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரே வீச்சில் மேசை முழுக்க விரிப்பான், வாங்குகிறவர் வேண்டாம் என்று தலையாட்டியதும் பழைய மடிப்பு மாறாமல் திரும்ப மடித்து வைப்பான். அவனிடம் ஒரு நாள், "உனக்கு ஈபிஎப் கட்டுகிறார்களா?" என்று கேட்டேன். "அது கவர்மெண்ட் வேலைக்குத்தானே அண்ணா" என்றான்.

ஈபிஎப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் இருக்கும் விதி. கடைச் சிப்பந்திகளுக்கு வேலை நேரம், லீவு, ஓய்வு நாள் எல்லாவற்றையும் சொல்லும் சட்டம் 1954 இலிருந்து இருக்கிறது. சட்டம் இருக்கிறது. அது தனக்கும் உரியது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டில், மாநகர சபைக் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரத்தில். மலையில் இருக்கும் அவனுடைய அம்மாவின் நாட்சம்பளம் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350 ரூபாய் ஆனது என்பதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. கொழும்பிலிருக்கும் மகனின் சம்பளச் சீட்டு எந்தச் செய்தியிலும் வருவதில்லை. பல இடங்களில் சம்பளச் சீட்டே இல்லை.

ஆகவே மரியாதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. சிலை கேட்கவில்லை. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானுக்குப் பழைய பாராளுமன்ற வளவில் சிலை இருக்கிறது, அது அவருக்குரிய மரியாதை. நடேசய்யருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் அவர்கள் வாழ்ந்த விதத்துக்குப் பொருத்தமானதைச் செய்யுங்கள் என்கிறேன்.

உங்கள் பொது நூலகம் 1925 இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் இதே நகரத்தில் 'தேசபக்தன்' அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த நூலகத்தில் இந்த இருவரின் எழுத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். பத்திரிகைப் பிரதிகள், சிறு நூல்கள், பாடல்கள், நடேசய்யர் சபையில் ஆற்றிய உரைகள் எல்லாவற்றின் நகல்களும் அங்கே இருக்கட்டும். தேசிய சுவடிகள் திணைக்களத்தோடு பேசுங்கள். தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் ஏற்றி வரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசுங்கள். பழைய தாள் தொட்டால் உதிரும், நாள் போகப் போக நிலைமை மோசமாகும். இதில் ஒரு முக்கியமான பகுதியைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டும். குணசிங்கவின் தோழர் ஒருவர் என்ன எழுதினார், என்ன பேசினார் என்று சிங்கள வாசகருக்குத் தெரிய வழியே இல்லாமல் இருப்பது அவர்களுக்கும் இழப்பு. சபையில் இருக்கும் சிங்கள உறுப்பினர்களில் தொழிற்சங்கப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் இயக்கத்தின் வரலாற்றில் கிழிந்துபோன பக்கங்கள் இவை.

வீதிப் பெயர் என்றதும் முகவரி மாறும், கடைக்காரருக்குச் சிரமம், நில உறுதியில் சிக்கல் என்ற கேள்விகள் எழும். நியாயமான கேள்விகள். இருக்கும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பெயரில்லாத ஒரு சந்தியோ, புதிதாகத் திருத்தி அமைக்கும் ஒரு சதுக்கமோ, நூலகத்தின் வாசிப்பு மண்டபமோ போதும். என் விருப்பத்தைக் கேட்டால் குணசிங்கபுரவுக்கும் புறக்கோட்டை பஸ் நிலையங்களுக்கும் இடைப்பட்ட பகுதியைச் சொல்வேன். மலைக்குப் போகிறவர்களும் மலையிலிருந்து வருகிறவர்களும் நடக்கிற இடம் அது. மூன்று மொழியிலும் பலகை இருக்கட்டும். தமிழ் எழுத்தை வைக்குமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நகரத்தில் எத்தனையோ பலகைகளில் எங்கள் மொழி உடைந்து கிடக்கிறது, இந்தப் பலகையிலும் அது நடந்தால் தாங்க முடியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். நடேசய்யர் இறந்த நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகர மண்டபத்தைத் தொழிலாளருக்குத் திறந்து விடுங்கள். பொன்னாடையும் வேண்டாம், மங்கள விளக்கைச் சுற்றிப் பிரமுகர் வரிசையும் வேண்டாம். தொழில் திணைக்களத்து அதிகாரிகள் தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடியவர்களாக வந்து மேசை போட்டு உட்காரட்டும். கடைப் பிள்ளைகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் தங்கள் அடையாள அட்டையைக் காட்டி, தங்கள் பெயரில் ஈபிஎப் கணக்கு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். முறைப்பாடு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கட்டும். சபையின் சொந்தத் தொழிலாளரையும் கூப்பிடுங்கள். விடியுமுன் இந்த நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்களில் பலருடைய முன்னோரும் அதே கடலைக் கடந்து வந்தவர்கள்தான். மீனாட்சி அம்மாளின் பாட்டொன்றை அன்று யாராவது பாடினால் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம்.

"இவருக்குச் செய்தால் அவருக்கும் கேட்பார்கள்" என்ற பேச்சு சபையில் வரலாம். கேட்கட்டும். முல்லோயா கோவிந்தனுக்கும் கேட்போம், மலையகத் தொழிலாளர் தலைவர்களான பெரி சுந்தரத்துக்கும் கேட்போம், அஸீஸுக்கும் கேட்போம். இரண்டு நூற்றாண்டு உழைத்த ஒரு சமூகத்துக்கு நினைவில் வைக்க ஒரே ஒருவர்தான் இருக்க முடியுமா? 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முதல் தலைமுறை காட்டு வழியாக வந்த அதே பாதையில், மலையக மக்கள் நடந்தார்கள். வழியில் விழுந்து இறந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பெயர் எழுதி வைத்திருக்கும் சிலரையாவது நாம் விட்டுவிடக் கூடாது.

கட்சி பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நடேசய்யருக்கு இன்று கட்சி கிடையாது, அவருடைய சம்மேளனமும் இல்லை. 1940 இலிருந்து புதிய சங்கங்கள் தோட்டங்களில் வேரூன்ற, அவருடையது தேய்ந்து போயிற்று. அவர் பெயரால் சந்தா வாங்குகிறவர் எவரும் இல்லை, அவர் பெயரால் வாக்குக் கேட்கிறவரும் இல்லை. அதனால்தான் இதுவரை யாரும் இதை வேகமாகத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்பது என் கணிப்பு. எல்லாக் கட்சியும் சேர்ந்து செய்வதற்கு இதைவிட வசதியான காரியம் கிடைக்காது.

பிரேரணையின் வரைவு ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து எழுதி வைத்திருக்கிறேன். எந்த உறுப்பினர் முன்மொழிந்தாலும் சரி, வழிமொழிந்தாலும் சரி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், வேறு சொல்லில் எழுதலாம். இருவர் பெயரையும் பிரிக்காதீர்கள், அது ஒன்றுதான் வேண்டுதல். வருகிற நவம்பருக்கு முன் இது சபையின் நிகழ்ச்சி நிரலில் வர வேண்டும். பொது மக்கள் அமரும் பகுதியில் அன்று இடம் கிடைத்தால் நாங்கள் வந்து உட்காருவோம்.

மிக்க அன்போடும் மரியாதையோடும்,
கொட்டாஞ்சேனையிலிருந்து,
உங்கள் நகரவாசி ஒருவர்